அடிக்கிறவன் வீடு

இருபத்தொரு வருஷம் நான் இயேசுவை அடித்திருக்கிறேன். சும்மா சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் ஆரம்பித்து சர்ச் வாசல் வரைக்கும், நல்ல வெயிலில், ஊரே இரண்டு பக்கமும் நின்று அழுதுகொண்டிருக்க, சாட்டையை ஓங்கி ஓங்கி அடித்தேன். கிழவிகள் என் மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். ஒரு வருஷம் ஒரு அம்மா செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது என் தகரத் தொப்பி மேல் டங்கென்று விழுந்தது. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் அதே அம்மா என்னைப் பார்த்து, "இன்னா கோவம்பா உன்க்கு, அப்டி போட்டு அடிக்கிற" என்று சிரித்தாள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் எங்கள் வீட்டு அலமாரியில் முருகனும் மாரியம்மனும்தான். அப்புறம் சிலுவைப் பாதை நாடகத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சாட்டையால் அடிக்கிற சேவகன் வேஷத்தையும் சர்ச் ஆட்களே போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் சேவகனாக வந்தவருக்கு அடுத்த வாரமே சுரங்கத்துக்குள் கை நசுங்கிப் போனது. ஆண்டவர் மேல் ஓங்கின கை, அதனால்தான் போயிற்று என்று பேச்சு கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு சர்ச் ஆட்கள் ஒருத்தரும் சாட்டையைத் தொடவில்லை. இந்து வீடுகளில் ஆள் தேடினார்கள். உங்களுக்கு அவர் சாமி இல்லையே, உங்களுக்குத் தோஷம் கிடையாது என்றார்கள். என் அப்பா போனார். அப்பாவுக்குப் பிறகு நான். திருவிழாவில் குடை பிடிப்பது ஒரு வீட்டுக்கு, தீவட்டி பிடிப்பது இன்னொரு வீட்டுக்கு என்று இருக்கிறதில்லையா, அந்த மாதிரி அடிப்பது எங்கள் வீட்டுக்கு. எங்கள் கை போனால் பரவாயில்லையா என்று அவர்கள் யோசிக்கவில்லை. அட, நாங்களுமே யோசிக்கவில்லை.

அடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாட்டை சணல் கயிற்றில் பின்னியது. நடுவில் ஒரு முடிச்சு, அதற்குப் பிறகு தொங்கும் வால். வாலை சிவப்புச் சாயத்தில் நனைத்து வைத்திருப்போம். ஓங்கி அடிக்கும்போது முடிச்சு சிலுவை மரத்தில் விழ வேண்டும். பளாரென்று சத்தம் அங்கேதான் வரும். வால் மட்டும் சுமக்கிறவர் முதுகில் தடவிவிட்டுப் போகும், வெள்ளை அங்கியில் சிவப்புக் கோடு விழும். பார்க்கிறவர்களுக்கு ரத்தம். கை கொஞ்சம் பிசகினால் முடிச்சு மனுஷன் மேல் விழுந்துவிடும். அப்படி விழாமல் அடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

இயேசுவாக வருகிறவர் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறவர். சாது. கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு வருஷமும் என் கையைத் தொட்டு, "அண்ணா, பாத்து" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அப்புறம் அவர் முன்னால், நான் பின்னால். அந்த நாட்களில் இயேசு யார் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் செல்போன் கடைக்காரர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பார்த்தோம். எனக்கு வேலையும் அங்கேதான், ஒரு அபார்ட்மெண்டில் எலக்ட்ரீஷியன். அவளை விடியற்கால ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். வழியில் யாரோ கொடுத்த ஒரு இயேசு படத்தை அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதலாக இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் லைனில் வாய் சும்மா இருக்காத ஒரு பெண்மணி. என் மனைவியைப் பார்க்க வந்தவள், ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, "உன் வூட்டுக்காரு வருசா வருசம் ஆண்டவர அந்த அடி அடிக்கறாரே, அது வூட்டு மேல திரும்பாம இருக்குமா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் போய் நான் கத்தின கத்தலில் தெருவே வெளியே வந்தது. என்ன பிரயோஜனம், வார்த்தை உள்ளே போய்விட்டதே.

அதற்கு முன்பே ஒருநாள் என் மனைவி கேட்டாள்.

"கேக்கறேன்னு கோச்சுக்காத. வர்ற வருசம் நீ அவர அடிக்காத."

"யாரு இன்னா சொன்னாங்க உன்க்கு?"

"யாரும் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "சொன்னாங்க. அதுக்காவ இல்ல. எனக்கு உடம்பு முச்சூடும் வலிக்குதுய்யா. வலிக்கற ஒருத்தர போட்டு அடிக்கறத இப்ப நெனச்சி பாக்க முடியல. நடிப்புதான், தெரியும். நடுவால ஒரு ஆளு வந்து சிலுவைய தாங்கிப் புடிப்பான் இல்ல? நீ அத செய். ஒரே ஒரு தடவ."

சரி என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பொங்கல் முடிந்த வாரம் செத்துப் போனாள்.

தவக்காலம் ஆரம்பித்ததும் சிலுவைப் பாதை கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். செயலாளர் ரிட்டயரான வாத்தியார். எனக்கும் ஐந்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். கூட இரண்டு பேர். துக்கம் விசாரித்தார்கள், காபி குடித்தார்கள். அப்புறம் வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"துக்க வீடு, கேக்கவே சங்கடமா கீது. ஆனா நீ இல்லாம யாரு? பழகின கை."

"சார், இந்த வருசம் நான் அடிக்க மாட்டேன்," என்றேன். "சிலுவைய தாங்கற ஆளு வேசம் குடுங்க. இருவது அடி தூரம்தான். பேச்சு கூட கெடையாது."

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வேஷம் வழியில் போகிற ஒரு நாட்டுப்புறத்தானுடையது. சேவகர்கள் அவனைப் பிடித்து இழுத்து, கொஞ்ச தூரம் சிலுவையைச் சுமக்க வைப்பார்கள். எங்கள் ஊரில் அது நேர்ச்சை வேஷம். பிள்ளை வேண்டும், மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, முறை வரக் காத்திருப்பார்கள்.

"நம்ம ஆளுங்களே வரிசைல காத்துட்டுகீறாங்கப்பா," என்றார் வாத்தியார்.

"நான் நம்ம ஆளு இல்லியா சார்?"

"அதுக்கு சொல்லல. நீ ஞானஸ்நானம் எடுத்தவன் இல்லியே. அந்த மரத்த தொடறதுன்னா ஒரு விசுவாசம் வேணும். மொதல்ல இயேசு உன்க்கு யாரு? அத சொல்லு பாக்கலாம்."

பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்து வாய்ப்பாடு கேட்கிற அதே குரல். ஐம்பத்திரண்டு வயசு ஆள், என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பதில் தெரியாமல் விழித்தேன். யோசிச்சு சொல்லு என்று எழுந்து போனார்கள். காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் சொல்ல வேண்டியது தோன்றியது. இருபத்தொரு வருஷம் அடிக்கச் சொன்னீர்களே, அப்போது ஏன் சார் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை? அடிக்கிறதற்கு விசுவாசம் வேண்டாம், தாங்குகிறதற்கு வேண்டுமா? டம்ளரைத் தொட்டியில் போட்ட வேகத்தில் அது நசுங்கிவிட்டது. யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான்.

ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். மங்களூர் பக்கத்து ஆள், புதிதாக வந்தவர், சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வருஷம் வகுப்புக்கு வாங்க, அவர் யார் என்று மெல்லப் புரியும், பிறகு ஞானஸ்நானம், பிறகு எந்த வேஷம் வேண்டுமானாலும் கமிட்டியில் நானே சொல்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்தது இந்த வருஷத்துக்கு ஃபாதர் என்றேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் படி இறங்கும்போது எனக்குள் கேட்டுக்கொண்டேன். செத்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் முறையெல்லாம் பார்த்தா கேட்டாள்?

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ரயிலில் தினமும் எதிரே உட்கார்ந்து சீட்டாடுகிறவர்களைக் கேட்டேன். ஒருத்தர் அவரும் ஒரு அவதாரம்தான் என்றார். இன்னொருத்தர் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமி, அவனே போய்விட்டான், நமக்கு எதற்கு என்றார். மூன்றாமவர், "இன்னா மாமா, மதம் மாறப் போறியா? எங்களுக்கு கேக்கு உண்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். என் பையனையும் கேட்டேன். எனக்கு ஒரே பிள்ளை, இருபத்துநாலு வயசு, பெங்களூரில் கூரியர் ஆபீசில் வேலை, போவது வருவது என்னோடு அதே ரயிலில். "எனக்கு அதெல்லாம் தெரியாது நைனா. அம்மாவ காப்பாத்தல இல்ல? வுடு" என்றான். அம்மா கேட்டதை நான் அவனிடம் சொல்லவில்லை. அதைத் தவிர, அவள் போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசினால் யாராவது ஒருத்தர் அழ வேண்டியிருக்கும்.

வாத்தியாருக்கு போன் பண்ணி, நான் வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருந்தது. எவன் வருவான்? சாட்டையை அவர்களே எடுக்கட்டும், அப்போது தெரியும் எவன் எவனுக்குக் கை நடுங்குகிறது என்று. அதைப் பார்ப்பதற்காகவே பெரிய வெள்ளி அன்றைக்கு வீட்டில் இருக்காமல் தெருவுக்குப் போனேன்.

சிலுவைப் பாதை எங்கள் லைனைத் தாண்டும் இடத்தில் ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டு நீர்மோர் உண்டு. மனைவி பார்த்துக்கொண்டிருந்த வேலை. இந்த முறை நானே கரைத்து, அண்டாவைத் தூக்கி வந்து வேப்ப மரத்தடியில் வைத்தேன். வருஷம் திரும்பாத வீட்டில் இது எதற்கு என்று அக்கா போனில் திட்டினாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுரங்கக் கழிவு மண் குவித்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி பறந்து கண்ணெல்லாம் எரிந்தது. முதலில் ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ, அப்புறம் பாடிக்கொண்டு பெண்கள், அப்புறம் கயிறு பிடித்த வாலண்டியர்கள். கயிற்றுக்குள்ளே சிலுவை வந்தது. அதற்குப் பின்னால், என் தகரத் தொப்பியை மாட்டிக்கொண்டு, கையில் என் சாட்டையோடு, என் மகன் வந்துகொண்டிருந்தான்.

காலையில் சிநேகிதன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவன். பிறகுதான் தெரிந்தது, வாத்தியார் அவனை ஸ்டேஷனிலேயே பிடித்திருக்கிறார். உங்க அப்பா முடியாதுன்னுட்டாரு, மூணாவது தலைமுறை, உங்க வீட்டு மரியாதை போயிடக் கூடாதில்ல என்று சொல்லியிருக்கிறார். இவனும் தலையாட்டியிருக்கிறான்.

அவனுக்கு முடிச்சை மரத்தில் போடத் தெரியாது. நான் சொல்லித் தந்ததே இல்லை. முதல் அடி விழுந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பளார் சத்தம் இல்லை, சொத்தென்று சதையில் விழுகிற சத்தம். செல்போன் கடைக்காரர் தோள் துள்ளியது. இரண்டாவது, மூன்றாவது. பக்கத்தில் நின்ற பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "இந்த வருசம் அப்படியே நெசமாட்டம் கீதுமா" என்றாள் ஒருத்தி. நிஜம்தானம்மா, நிஜமேதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். என் பையனுக்குத் தொப்பி கண்ணை மறைத்தது, வியர்வை வழிந்தது, சத்தம் வரவில்லையே என்று பயந்து இன்னும் ஓங்கி அடித்தான். பாவி, அவனுக்கும் தெரியவில்லை.

எங்கள் அண்டாவுக்கு நேரே அவர் விழுந்தார். அந்த இடத்தில் விழுவது நாடகத்தில் இல்லை. தாங்குகிற ஆள் புது வேட்டி கட்டிக்கொண்டு, இன்னும் ரொம்ப தூரம் தள்ளி, சுண்ணாம்பில் கோடு போட்ட இடத்தில் காத்திருந்தான்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கயிற்றுக்குக் கீழே நுழைந்து போனேன். மரத்தின் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினேன். கனம். இத்தனை வருஷம் பின்னாலேயே நடந்தும் அந்தக் கனம் எனக்குத் தெரியாது. பையனைத் திரும்பிப் பார்த்து, "முடிச்சு மரத்துல வுழணும்டா" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஸ்பீக்கரில் வாத்தியார் குரல் அலறியது, "அந்த ஆள வெளிய அனுப்புங்க! சேவகர்கள், வெளிய தள்ளுங்க!"

"போ நைனா," என்றான் பையன், பல்லுக்குள்ளேயே. "எல்லாரும் பாக்கறாங்க. போயேன்."

"உங்க அம்மா கேட்டுச்சுடா."

"அம்மாவ இதுல இழுக்காத!"

நான் மரத்தை விடவில்லை. நாலு அடி எடுத்து வைத்திருப்பேன். ஸ்பீக்கர் மறுபடியும் கத்தியது. பையன் ஓங்கி ஒன்று போட்டான். முடிச்சு என் காதுக்குக் கீழே விழுந்தது. ஐயோ என்று கூட்டம் முழுக்கக் கத்தியது. கண் இருட்டி நின்றவனை இரண்டு வாலண்டியர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து வெளியே கொண்டுவந்து, என் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். யாரோ என் மோரையே எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. அப்பனும் பிள்ளையும் என்ன நடிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்து வாத்தியாரைப் பஜாரில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "மொதல்ல கோவம் வந்துச்சு, அப்பறம் பாத்தா ஜனங்களுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. அடுத்த வருசமும் அப்டியே வெச்சிக்கலாம்பா, ரெண்டு பேரும் வாங்க" என்றார். எதிர்ப் பக்கம் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

செல்போன் கடைக்காரரைப் பார்க்கப் போனேன். சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் ஏழெட்டு இடத்தில் கன்றிப்போய், மஞ்சளும் களிம்புமாக இருந்தது.

"டேய் நிறுத்துடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"சொல்லலாம்ணா. புது பையன். ஊரு முன்னால அசிங்கப்பட்டுடுவானேன்னு பாத்தேன். சாயங்காலமே வந்து கால்ல வுழுந்துட்டான். வுடுண்ணா, கொழந்த."

சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வந்த ஆளுக்கு ரீசார்ஜ் பண்ணப் போய்விட்டார்.

என் காலிலும் விழ வந்தான் என் பையன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நைனா, பயத்துல கை ஓங்கிட்டேன் நைனா. வேணும்னு பண்ணல." வேண்டுமென்று பண்ணவில்லை என்று எனக்குத் தெரியாதா? அவனைச் சேவகனாக்கினது யார், அவனுக்குச் சொல்லித் தராதது யார், எல்லாம் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். குழாயில் தண்ணீர் வரவில்லை.

ஆறு மாசம் ஆகிறது. அதே ரயிலில்தான் போகிறோம், அவன் முன் பெட்டியில், நான் பின் பெட்டியில். காதுக்குக் கீழே இருந்த தழும்புகூட மறைந்துவிட்டது. உள்ளே ஆறவில்லை. அவன் அடித்தது ஒரே ஒரு அடி. சிலுவையில் தொங்குகிறபோதே, அடித்தவன்களை மன்னிக்கச் சொல்லி இயேசு பரிந்து பேசினார் என்று வருஷா வருஷம் ஸ்பீக்கரில் போடுவார்கள். அந்த இடம் வரும்போது நான் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டிருப்பேன், அடுத்து எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது வாத்தியார் வந்து கேட்டால் சொல்லுவேன். சார், அவர் சாமியா மனுஷனா என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்ற பிள்ளையிடம் என்னால் முடியாததை, முன்பின் தெரியாதவன்களிடம் செய்தவர் அவர். எனக்கு அவர் அதுதான். அதனாலேயே அவள் முருகனுக்குப் பக்கத்தில் வைத்த அந்தப் படத்தை எடுத்துத் தூரப் போடவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

நேற்று வேலை முடிந்து வந்ததும் பையனே சோறு வடித்தான், ரசம் வைத்தான். அம்மா வைக்கிற மாதிரி பூண்டைத் தட்டிப் போட்டிருந்தான். தட்டு இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, "நைனா, நீயும் உக்காரு" என்றான்.

பசியில்லை என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.